ஒரு பாஷை, இரண்டு பள்ளிக்கூடம்

பாஷை தெரியாத தேசத்துக்குப் போகிறவனிடம் உலகம் மிகவும் இரக்கம் காட்டுகிறது. அவன் வழி தவறினால் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். கடையில் ஒன்றைக் கேட்டு வேறொன்றைச் சுட்டிக் காட்டினால் சிரித்துக்கொண்டே சரியானதை எடுத்துக் கொடுக்கிறார்கள். "பாவம், அயலூர்க்காரன்!" என்ற ஒரு வார்த்தையில் அவனுடைய நூறு குற்றங்களும் மன்னிக்கப்பட்டு விடுகின்றன. பாஷை தெரிந்து, பழக்கம் மட்டும் தெரியாமல் போகிறவனுடைய கதியோ வேறு. அவன் வாயைத் திறந்ததுமே, "இவன் நம்மைப் போன்றவன்தான்" என்று எல்லாரும் தீர்மானித்து விடுகிறார்கள். அதன் பிறகு அவன் தடுமாறும் இடங்களெல்லாம் அறியாமையாகத் தோன்றுவதில்லை, அலட்சியமாகத் தோன்றுகின்றன.

இந்த உண்மையை நமக்குக் கற்பித்தது ஓர் ஆஸ்திரேலியக் குடும்பம். கற்ற இடம் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் நகரம். அந்தக் குடும்பத்தில் பெரியவர்கள் பட்ட சிரமம் கொஞ்சந்தான். இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பட்ட சிரமமும், அதிலிருந்து அவர்கள் தேறிய விதமுமே இங்கே நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம்.

எண்ணெய்ப் பட்டணம்

2025-ம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில், நம் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும், ஹூஸ்டனில் வசிக்கும் நம் தங்கையின் வீட்டுக்குச் சென்று ஐந்து வாரம் தங்கியிருந்தோம். ஹூஸ்டன் பெட்ரோலியத்தால் வளர்ந்த பட்டணம். நகரத்தின் மேற்கே செல்லும் ராஜபாட்டையைப் பக்கச் சாலைகளோடு சேர்த்துப் பார்த்தால், சில இடங்களில் 26 வண்டித் தடங்கள் வரை எண்ணலாம். அந்தச் சாலையின் இருமருங்கிலும் எண்ணெய்க் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. மே மாதத்துப் புழுக்கம் மட்டும் சென்னைவாசிகளுக்கு மிகவும் பரிச்சயமானது. ஆகாய விமானத்தை விட்டு இறங்கி வெளியே வந்ததும், "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

தங்கையின் அடுத்த வீட்டில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று குடியிருந்தது. பெர்த்தும் சுரங்கங்களாலும் இயற்கை வாயுவாலும் செழித்த ஊர். ஆகவே அங்குள்ள என்ஜினீயர்கள் ஹூஸ்டனுக்கு உத்தியோகம் மாறி வருவது சகஜம். கணவர் என்ஜினீயர், மனைவி பெர்த்தில் ஒரு வாசகசாலையில் உத்தியோகம் பார்த்தவர். பெண்ணுக்குப் பதினோரு வயது. பையனுக்கு ஏழு வயது. அந்த வருஷம் ஜனவரியில்தான் அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள்.

இரண்டு வீட்டையும் இணைத்து வைத்தது கிரிக்கெட். அமெரிக்காவில் கிரிக்கெட் மட்டையைக் கண்டால், "இது என்ன, படகுத் துடுப்பா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024-ல் இருபது ஓவர் உலகக் கோப்பைப் பந்தயங்கள் சில டெக்ஸாஸிலேயே, டல்லாஸ் நகரை அடுத்து நடந்தன; அங்கே அமெரிக்கக் கோஷ்டி பாகிஸ்தானைத் தோற்கடித்தது. அப்படியும் சாதாரண அமெரிக்கருக்கு அந்த ஆட்டம் பிடிபடவில்லை. ஆனால் நம் தேசத்தார் குடியிருக்கும் தெருவில் சாயங்காலமானால் டென்னிஸ் பந்தும் மட்டையும் வெளியே வந்துவிடும். வேலிக்கு அப்பால் நின்று ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் பையன், மறு நாள் தன் மட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டானாம். "இந்த ஊரில் அவனுடைய முதல் சிநேகிதர்கள் உங்கள் மருமக்கள்தாம்" என்று அவன் தாயார் நம்மிடம் சொன்னார்.

பாதி வருஷம் எங்கே போயிற்று?

ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூட வருஷம் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கி, நான்கு பருவங்கள் நடந்து, டிசம்பரில் முடிகிறது. டிசம்பர்தான் அவர்களுக்குக் கோடை. டெக்ஸாஸிலோ ஆகஸ்டில் தொடங்கி மே மாதக் கடைசியில் முடிகிறது. பூமியின் தென்பாதியிலிருந்து வடபாதிக்கு வரும் குழந்தை வெயிலை மட்டும் விட்டு வருவதில்லை. பாதி வருஷத்தையும் எங்கேயோ தொலைத்து விடுகிறது.

பெண் பெர்த்தில் டிசம்பரில் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். ஹூஸ்டனில் ஜனவரியில் மறுபடியும் ஐந்தாம் வகுப்பின் நடுவில் உட்கார்ந்தாள். இதில் பாடம் திரும்பி வந்த கஷ்டத்தைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. பெர்த்தில் ஆரம்பப் பள்ளி ஆறாம் வகுப்பு வரையில் நடக்கிறது. ஆறாம் வகுப்புக் குழந்தைகள்தாம் பள்ளிக்கூடத்துக்கே மூத்தவர்கள். மாணவத் தலைவர்களை அவர்களிலிருந்தே தேர்ந்தெடுப்பார்கள். ஹூஸ்டனின் அந்தப் பகுதியிலோ ஐந்தோடு ஆரம்பப் பள்ளி முடிந்து, ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே அவர்கள்தாம் எல்லாரிலும் சிறியவர்கள். ஒரு மலையின் உச்சிக்கு இன்னும் ஒரு படி இருக்கும்போது இறக்கி, வேறொரு மலையின் அடிவாரத்தில் விட்டது போலாயிற்று அந்தப் பெண்ணின் நிலைமை.

பையன் விஷயம் இன்னும் விநோதமானது. அவன் பிறந்தது 2017-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி. நம்மைப் போலவே ஆஸ்திரேலியர்களும் தேதியை முன்னால் போட்டு மாதத்தைப் பின்னால் எழுதுவார்கள்; அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். ஆஸ்திரேலியத் தஸ்தாவேஜில் "5/9" என்று இருந்ததைப் பள்ளிக்கூடக் காரியாலயத்தில் மே மாதம் 9-ம் தேதி என்று படித்து எழுதிக்கொண்டு விட்டார்கள். டெக்ஸாஸில் செப்டம்பர் 1-ம் தேதிக்குள் நிறைந்த வயதை வைத்தே வகுப்பு நிர்ணயமாகிறது. மே மாதத்தில் பிறந்தவனானால் இரண்டாம் வகுப்பு. செப்டம்பர் 5-ல் பிறந்தவனானால் நான்கு நாள் வித்தியாசத்தில் முதல் வகுப்பு. அவனை இரண்டாம் வகுப்பின் நடுவில் உட்கார வைத்தார்கள்.

இதே சமயத்தில் ஊசி விவகாரம் வேறு. பெர்த்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை என்ற ஒருவகைக் காமாலைத் தடுப்பு ஊசியும், சின்னம்மைக்கு இரண்டாவது ஊசியும் டெக்ஸாஸ் சட்டப்படி அவசியம். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும்போதுதான் பிறந்த தேதி மாறியிருப்பது தாயாரின் கண்ணில் பட்டது.

பேசாமல் இருந்திருந்தால் பையன் ஒரு வகுப்பு மேலே இருந்திருப்பான். இரண்டாம் வகுப்பின் முதல் பாதியைப் படிக்காமலே கடந்திருப்பான். கெட்டிக்காரப் பையன், சமாளித்துமிருப்பான். தகப்பனாருக்குக் கூட அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு சபலம் தட்டியதாம். தாயார் மறு நாள் காலையிலேயே போய் உண்மையைச் சொல்லிவிட்டார். பையன் முதல் வகுப்புக்கு இறங்கினான். ஒரு வாரம் அழுதான். "வகுப்பு ஒன்று குறைந்தால் பின்னால் ஈடு செய்து கொள்ளலாம். தன்னுடையதல்லாத பிறந்த நாளோடு ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் வளர வேண்டாம் என்று தோன்றிற்று" என்றார் அந்த அம்மாள். முதல் வகுப்பு உபாத்தியாயினி நல்லவர். பையன் கணக்கில் முந்தியிருப்பதைக் கண்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அவனை இரண்டாம் வகுப்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆகப் பையனுக்குக் கால் வருஷமாவது திரும்பக் கிடைத்தது!

வீடும் பள்ளியும்

மேற்கு ஆஸ்திரேலியாவில் பொதுப் பள்ளிக்கூடங்களை நடத்துவது மாகாண சர்க்கார். உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்களே. அமெரிக்காவில் தேசம் முழுவதும் சுமார் 13,000 பள்ளி ஜில்லாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஜனங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சபை உண்டு; வீட்டின் பேரிலும் நிலத்தின் பேரிலும் விதிக்கும் வரியிலிருந்து அதற்குப் பெரும் பணம் வருகிறது. டெக்ஸாஸில் மாகாண வருமான வரியே கிடையாது. ஆனால் சொத்து வரி பலமானது. எனவே, எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அதுவே எந்தப் பள்ளிக்கூடம் என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு வாடகை ஏறுகிறது.

இது நியாயமா என்று டெக்ஸாஸ்காரர்களே கேட்டிருக்கிறார்கள். ஸான் அன்டோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர்கள் தொடுத்த வழக்கில், 1973-ம் வருஷம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் 1989-ல் டெக்ஸாஸின் சுப்ரீம் கோர்ட்டே அந்த ஏற்பாடு மாகாண அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. 1993 முதல் பணக்கார ஜில்லாக்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கிறார்கள். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட் என்ற கதைக் கொள்ளைக்காரனின் பெயரையே ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்து விட்டார்கள்.

"பெர்த்தில் நாங்கள் வீடு பார்த்தபோது கடற்கரை எவ்வளவு தூரம் என்று கேட்டோம். இங்கே வீடு பார்த்தபோது தரகர் முதலில் பள்ளிக்கூடத்தின் பெயரைத்தான் சொன்னார்" என்றார் தகப்பனார். அந்தப் பகுதியில் உயர்தரப் பள்ளி மாணவர்கள் கால்பந்தாடுவதற்காக 2017-ல் திறந்த மைதானத்தைப் போய்ப் பார்த்தோம். 12,000 பேர் உட்காரலாம். செலவு சுமார் 7 கோடி டாலர். பள்ளிக்கூடப் பையன்கள் விளையாடும் இடந்தானா இது என்று மீண்டும் ஒரு முறை விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

தொப்பியும் ரப்பரும்

ஆஸ்திரேலியாவில் வெயில் பொல்லாதது. உலகில் தோல் புற்றுநோய் மிக அதிகமாகக் காணும் தேசங்களில் அது ஒன்று. 1981 முதல் அங்கே இதைப் பற்றிப் பெரும் பிரசாரம் நடந்து வருகிறது. ஆரம்பப் பள்ளிகளில் தொப்பி இல்லாத குழந்தையை வெயிலில் விளையாட விடமாட்டார்கள். பையன் ஹூஸ்டனில் முதல் நாள் அகன்ற தொப்பியோடு வகுப்புக்குள் நுழைந்தான். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் கட்டடத்துக்குள் தொப்பி அணியக் கூடாது. தொப்பியைக் கழற்றச் சொன்னதும், தன் விளையாட்டு நேரம் பறிபோயிற்று என்று எண்ணி அவன் விசித்து விசித்து அழுதானாம். அழுகையின் காரணம் உபாத்தியாயினிக்கு விளங்கவில்லை. ஒரே பாஷை பேசும் இருவருக்குள் அன்று ஒரு துபாஷி தேவைப்பட்டது!

சீருடை கிடையாது என்பது பெண்ணுக்கு முதலில் பெருமகிழ்ச்சி அளித்தது. இரண்டாவது வாரத்தில், "நாளைக்கு என்ன உடுத்துவது?" என்று தினந்தோறும் இராத்திரி கவலைப்படுவதைவிடப் பெர்த்துச் சீருடையே மேல் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். பென்ஸில் எழுத்தை அழிப்பதற்கு அவள் "ரப்பர்" கேட்டபோது உபாத்தியாயினியின் முகம் மாறிற்று. அமெரிக்கப் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் குடும்பப் பத்திரிகையில் எழுதத் தகாத வேறோர் அர்த்தம் உண்டு. நாமும் ரப்பர் என்றுதான் சொல்லுகிறோம். அமெரிக்கா போகும் வாசகர்கள் எச்சரிக்கையாக இருப்பார்களாக. எழுத்துப் பரீட்சையில் "கலர்" என்ற சொல்லுக்கு அவள் ஓர் "யு" சேர்த்து எழுதினாள். சிவப்பு மையால் அதைச் சுழித்திருந்தார்கள். அந்த எழுத்தை அமெரிக்கர்கள் கைவிடும்படி செய்தவர்களில் முக்கியமானவர் 1828-ல் பெரிய அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டர். ஆங்கிலேயரிடமிருந்து தேசத்தைப் பிரித்தது போதாது, எழுத்தையும் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

எல்லாவற்றிலும் பெரிய தடுமாற்றம் மரியாதையில் ஏற்பட்டது. டெக்ஸாஸில் பெரியவர்களுக்குப் பதில் சொல்லும்போது குழந்தைகள் "ஆம், அம்மணி", "ஆம், ஐயா" என்று சொல்ல வேண்டும். பெர்த்தில் ஒரு குழந்தை அப்படிச் சொன்னால் கேலி செய்வதாகவே நினைப்பார்கள். பெண் சாதாரணமாக "ஆமாம்" என்று சொல்லிவந்தாள். இவள் துடுக்குக்காரி என்று ஒரு மாதம் வரையில் வகுப்பில் பேராயிற்று. வேற்றுப் பாஷைக்காரியாயிருந்தால் எவரும் இதைக் குற்றமாக எடுத்திருக்க மாட்டார்கள்.

குழந்தைகள் மனமாரப் பாராட்டியது மஞ்சள் பஸ்ஸை. பெர்த்தில் நகரத்துப் பொதுப் பஸ்ஸில் போய்ப் பழகியவர்கள். அமெரிக்காவில் பள்ளிப் பஸ்ஸுக்கென்றே ஒரு மஞ்சள் நிறம் உண்டு. 1939-ல் கொலம்பியா சர்வகலாசாலையின் உபாத்தியாயர் கலாசாலையில் பிராங்க் ஸைர் என்பவர் கூட்டிய மகாநாட்டில் அந்த நிறத்தை நிர்ணயித்தார்கள். விடியற்காலை மங்கலிலும் அதன்மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். குழந்தைகள் இறங்குவதற்காக அந்த வண்டி சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால், சாலையில் பின்னால் வரும் வண்டிகளும் எதிரே வரும் வண்டிகளும் நின்றுவிட வேண்டும். அவசரமே உருவான அந்த ஊரில், ஓர் ஏழு வயதுப் பையன் புத்தகப் பையோடு சாலையைக் கடப்பதற்காகப் பெரிய லாரிகளெல்லாம் மூச்சடக்கிக் காத்திருந்த காட்சியை நாம் தினமும் திண்ணையிலிருந்து பார்த்து மகிழ்ந்தோம்.

மூன்று தேசத்துச் சரித்திரம்

டெக்ஸாஸ்காரர்களுக்குத் தங்கள் மாகாணம் மிகப் பெரியது என்பதில் அபாரப் பெருமை. பரப்பு ஏறக்குறைய 7 லட்சம் சதுர கிலோமீட்டர். வகுப்பில் இந்தப் பெருமையைக் கேட்ட பெண் கையைத் தூக்கி, மேற்கு ஆஸ்திரேலியா 25 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று அறிவித்தாள். வகுப்பு முழுவதும் நிசப்தமாகி விட்டதாம். பிறகு ஒரு பையன், "உங்கள் ஊரில் எண்ணெய் இருக்கிறதா?" என்று கேட்டான். "இரும்பு இருக்கிறது" என்றாள். சமாதானம் ஏற்பட்டது.

ஐந்தாம் வகுப்பில் அமெரிக்க சரித்திரம் பாடம். பெர்த்தில் அவள் படித்த சரித்திரத்தின் தொடக்கத்தை அங்கே கண்டுபிடித்தாள். பிரிட்டிஷார் தங்கள் தேசத்துக் கைதிகளைச் சுமார் 50,000 பேர் வரையில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பி வந்தார்கள். அமெரிக்கர் சுதந்திரப் போர் தொடுத்ததும் அந்த வழி அடைபட்டுப் போயிற்று. கைதிகளை அனுப்ப வேறு இடம் தேடித்தான் ஆஸ்திரேலியாவைப் பிடித்தார்கள். 1788-ல் பதினொரு கப்பல்கள் எழுநூறுக்கு மேற்பட்ட கைதிகளோடு ஸிட்னிக் கரையை அடைந்தன. "இவர்கள் சுதந்திரம் அடையாதிருந்தால் எங்கள் ஸிட்னியே அப்போது பிறந்திராது!" என்று அவள் ஒரு நாள் சாயங்காலம் நம்மிடம் ஆச்சரியத்தோடு சொன்னாள்.

நாம் பாடப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். 1781-ல் யார்க்டவுன் என்ற இடத்தில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் பிரபுவைப் பற்றி அதில் எழுதியிருந்தது. "இந்த மனிதர் அதன் பிறகு எங்கே போனார், தெரியுமா?" என்று கேட்டோம். ஆஸ்திரேலியப் பெண்ணுக்கும் தெரியவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்த நம் மருமக்களுக்கும் தெரியவில்லை. அமெரிக்காவை இழந்த அதே காரன்வாலிஸ் 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்ததையும், திப்பு சுல்தானோடு யுத்தம் செய்து 1792-ல் அவருடைய ராஜ்யத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டதையும், திண்டுக்கல் சீமை அப்போதுதான் கம்பெனியார் கைக்குப் போயிற்று என்பதையும், அவருடைய சிலை சென்னைக் கோட்டையிலுள்ள கண்காட்சிச்சாலையில் இன்றும் நிற்பதையும் சொன்னோம். குழந்தைகள் உலகப் படத்தைத் தரையில் விரித்துக்கொண்டு, மூன்று தேசங்களையும் ஒரே பென்ஸில் கோட்டால் இணைத்தார்கள். நம் இருபது வருஷ உபாத்திமைத் தொழிலில் இவ்வளவு உற்சாகமாகக் கேட்ட வகுப்பு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

மூடிய கதவு

ஒரு நாள் மாலை பையன் ஓடிவந்து, "இன்று எங்கள் வகுப்பில் எல்லாரையும்விட நான்தான் சத்தமில்லாமல் இருந்தேன்!" என்றான். எதற்காக என்று கேட்டோம். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஜன்னலுக்கு மறைவாகச் சுவர் ஓரத்தில் எல்லாக் குழந்தைகளும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். துப்பாக்கியோடு யாராவது நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அது ஒத்திகை. அவனுக்கு அது ஒரு விளையாட்டு. அவனுடைய தாயார் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹூஸ்டனுக்கு மேற்கே சுமார் 450 கிலோமீட்டர் தூரத்தில் யுவால்டி என்ற சிற்றூர் இருக்கிறது. 2022-ம் வருஷம் மே 24-ம் தேதி அவ்வூர் ஆரம்பப் பள்ளியில் ஒருவன் புகுந்து 19 குழந்தைகளையும் 2 உபாத்தியாயினிகளையும் சுட்டுக் கொன்றான். அடுத்த வருஷம், ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் இருக்க வேண்டுமென்று டெக்ஸாஸ் சட்டம் செய்தது. ஆஸ்திரேலியாவிலும் 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுடப்பட்டு மாண்டார்கள். அங்கே இரண்டு வாரத்துக்குள் எல்லா மாகாண மந்திரிகளும் கூடித் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். 6 லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கி அழித்தது. ஒரே விதமான துக்கத்துக்கு இரண்டு தேசங்களும் கண்ட பரிகாரம் இவ்வளவு வேறுபட்டது.

"திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றவில்லையா?" என்று கேட்டோம். "வாரத்துக்கு ஒரு தடவை தோன்றுகிறது" என்றார் அந்த அம்மாள். அதனாலேயே பள்ளிக்கூட வாசகசாலையில் சம்பளமின்றி வேலை செய்வதற்குப் பெயர் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் அங்கே புத்தகம் அடுக்கப் போகிறார். பெற்றோர்கள் இப்படிப் பள்ளிக்குள் வந்து உழைப்பது அமெரிக்காவில் பெரிய வழக்கம். ஒவ்வொருவரையும் போலீஸ் தஸ்தாவேஜு பார்த்த பிறகே அனுமதிக்கிறார்கள். "எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்திலுள்ள நூற்றுக்கணக்கான குழந்தைகளின் முகம் எனக்கு இப்போது தெரியும். பயம் என் குழந்தைகள் இருவரோடு நிற்கவில்லை" என்றார்.

பிரதிக்ஞை

கடைசியாக, அவர்கள் வீட்டில் இரண்டு இராத்திரி தூக்கத்தைக் கெடுத்த விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பெர்த்தில் பள்ளிக் கூட்டம் தொடங்கும்போது, அந்த மண்ணின் ஆதிக்குடிகளான நூங்கார் ஜனங்களுக்கு மரியாதை தெரிவித்துச் சில வார்த்தைகள் சொல்லுவார்கள். டெக்ஸாஸில் ஒவ்வொரு நாளும் குழந்தைகள் எழுந்து, மார்பில் கை வைத்து, அமெரிக்கக் கொடிக்கு விசுவாசப் பிரதிக்ஞை செய்கிறார்கள். அதன் பின் டெக்ஸாஸ் கொடிக்கு ஒரு பிரதிக்ஞை. அதன் பின் ஒரு நிமிஷம் மௌனம். முதல் நாள் பெண்ணும் மற்றவர்களைப் பார்த்து மார்பில் கையை வைத்து உதட்டை அசைத்தாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்று நான் பொய்ச் சத்தியம் செய்துவிட்டேனா?" என்று கேட்டாள்.

தகப்பனார், "அது வெறும் சடங்கு, சொல்லிவிட்டுப் போ" என்றார். அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. அயல் தேசத்துக் குடும்பம். உத்தியோகத்தை நம்பி வந்திருப்பவர்கள். கொடியை அவமதித்தார்கள் என்ற பெயர் வந்தால் என்ன ஆவது? தாயார், "சடங்கானால் சொல்லாமலிருந்தால் என்ன? சத்தியமானால் எப்படிச் சொல்லுவது?" என்று கேட்டார். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் குழந்தைக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்று டெக்ஸாஸ் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்றாம் நாள் இருவரும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். வகுப்பு உபாத்தியாயினி அதைப் படித்துவிட்டு, "எழுந்து நின்றால் போதும், கண்ணே" என்று மட்டும் சொன்னார். இடைவேளையில் ஒரு சிறுமி வந்து, "எங்கள் தேசத்தை உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். "பிடிக்கிறது. எனக்கும் ஒரு கொடி இருக்கிறது" என்றாள் இவள். அந்தச் சிறுமிதான் இப்போது அவளுக்கு உயிர்த் தோழி.

இந்தப் பிரதிக்ஞையின் கதை சுவாரஸ்யமானது. 1892-ல், கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்ட நானூறாவது வருஷக் கொண்டாட்டத்துக்காகப் பிரான்ஸிஸ் பெல்லமி என்பவர் அதை எழுதினார். அது முதலில் வெளிவந்தது பாஸ்டன் நகரத்திலிருந்து குடும்பங்களுக்காக நடந்துவந்த ஒரு வாரப் பத்திரிகையில்! 1940-ல் சுப்ரீம் கோர்ட், பள்ளிக்கூடங்கள் குழந்தைகளைக் கொடி வணக்கம் செய்யும்படி கட்டாயப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. மூன்று வருஷத்துக்குள், 1943-ல், மேற்கு வர்ஜீனியா வழக்கில் அதே கோர்ட் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. உலக மகாயுத்தம் உச்சத்திலிருந்த காலம் அது. தேசபக்தியைக் கட்டாயமாக்க அதைவிட நல்ல சாக்குக் கிடைத்திராது. அந்தச் சமயத்திலேதான், மனத்தில் இல்லாததைக் குழந்தையின் வாயால் சொல்ல வைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகள் தீர்மானித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு நம் தேசத்துக்கும் வந்திருக்கிறது. கேரளத்தில் மூன்று குழந்தைகள் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-ல் நம் சுப்ரீம் கோர்ட் மேற்கு வர்ஜீனியாத் தீர்ப்பையும் எடுத்து ஆராய்ந்து, அந்தக் குழந்தைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. இதை நாம் சொன்னபோது ஆஸ்திரேலியத் தகப்பனார் வெகு நேரம் யோசித்தார். பிறகு, "அன்று இரவு இது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்" என்றார்.

மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடிற்று. பெண் கைநிறையச் சிநேகிதிகளின் கையெழுத்துக்களோடு மஞ்சள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஆகஸ்டில் புதுப் பள்ளிக்கூடத்தில் வாத்திய கோஷ்டியில் சேர்ந்து கிளாரினெட் வாசிக்கப் போவதாகச் சொன்னாள். பையன் "ஆம், அம்மணி" என்று சரளமாகச் சொல்லுகிறான். பெர்த்திலுள்ள பாட்டியிடம் டெலிபோனில் பேசும்போது கூட அது வந்துவிடுகிறது. பாட்டி சிரிக்கிறாள், தாயாரின் கண்ணில் நீர் தளும்புகிறது. இரண்டு வருஷத்துக்கென்று வந்தவர்கள். கம்பெனி இன்னும் சில வருஷம் இருக்கச் சொல்லுகிறது. பாதி வருஷத்தைத் தொலைத்த குழந்தைகள், திரும்பிப் போகும்போது எதைத் தொலைப்பார்களோ என்பதுதான் இப்போது பெற்றோரின் விசாரம்.

ஜூன் மாதம் நம் பள்ளிக்கூடமும் திறந்தது. காலைக் கூட்டத்தில் நம் குழந்தைகள் இந்தியா தங்கள் தாய்நாடு என்று உறுதிமொழி சொல்லுகிறார்கள். ஒருவன் கொட்டாவி விடுகிறான். ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் பின்னலை இழுக்கிறாள். வார்த்தைகள் மட்டும் அட்சரம் பிசகாமல் வருகின்றன. ஒரு பிரதிக்ஞை என்றால் என்னவென்று பதினோரு வயதில் ஒரு குழந்தை யோசித்து, பெற்றோரைத் தூங்கவிடாமல் செய்தது; அதைச் சொல்ல மாட்டேன் என்று மரியாதையாக எழுந்து நின்றது. தினந்தோறும் யோசிக்காமல் சொல்லுகிற ஆயிரம் குழந்தைகளைக் காட்டிலும் அந்தக் கொடிக்கு அவள் அதிக கௌரவம் செய்தாள் என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் குழந்தைகளுக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தத்தை, வாரத்துக்கு ஒரு வரியாகவாவது, எடுத்துச் சொல்லுவது என்று இந்த வருஷம் தொடங்கியிருக்கிறோம்.